இப்பத்த சாமானெல்லாம் ஊமை

இப்படிச் சித்த திரும்பி உக்காருங்க தம்பி. ஜன்னலப் பார்த்துட்டுப் பேசுனா எப்படி? முகத்தப் பார்த்துப் பேசறதுதான் மரியாதை, எங்க பக்கம் அப்படித்தான். ஆங், இப்பச் சொல்லுங்க. திருச்செங்கோடா? நல்லது. நானு வெப்படையில எறங்கிக்குவேன். ஈரோட்டுக்கும் வெப்படைக்கும் இந்த டவுன் பஸ்ஸுலதான் காலங்காலமாப் போய் வந்துட்டிருக்கேன். முன்னெல்லாம் கண்டக்டரு ஒரு விசில் ஊதுனா பஸ்ஸே அதுரும். இப்ப அந்தாளப் பாருங்க. வாயில விசில வெச்சுக் கன்னத்த உப்ப வெக்கறாரு, அதோட சரி. வெறுங்காத்துதான் வருது. டிரைவரு பாவம், கண்ணாடியப் பார்த்துத்தான் வண்டிய நிறுத்தறாரு போல.

இப்பத்த சாமான் எதுலயும் சத்தம் கெடையாதுங்க. குக்கர் வாங்குனா விசில் வர்றதில்ல. ஆவி மட்டும் புஸ்ஸுனு மேல போகுது, அடியில பருப்பு கருகிக் கெடக்குது. செல்லு வாங்குனா மணி அடிக்கறதில்ல. மக கூப்புட்டு கூப்புட்டுப் பார்த்துட்டு, ‘அப்பா, போன எடுக்கவே மாட்டீங்களா’ன்னு பக்கத்தூட்டுக்குப் போனப் போடுவா. அட, எங்கூட்டு வேப்ப மரத்துல அத்தனை குருவி இருந்துச்சு, இப்பக் குருவியுங்கூட வாயத் தொறக்கறதில்ல. எல்லாம் டூப்ளிகேட்.

மடியில என்னன்னுதான பாக்கறீங்க? பஸ்ஸருங்க. கூப்புடற மணி. இது மூணாவது. மொத ரெண்டும் ஊமையாப் போச்சு, இதாவது பேசுதான்னு பார்க்கோணும்.

எங்கூட்டுக்காரி தெய்வானைக்குப் போன தை மாசம் ஒரு பக்கம் விழுந்துருச்சுங்க. இடது கை, இடது கால், ரெண்டும் வராது. வாயும் ஒரு பக்கமாக் கோணிப் போச்சு. கட்டல விட்டு எந்திரிக்கோணும்னா ஒரு ஆளு தாங்கிப் புடிக்கோணும். அந்த ஆளு நாந்தான். வேற யாரு இருக்கா? ஒரே மக பூங்கொடி, அவளும் ஓசூர்ல. எனக்கு ஊட்டுக்குப் பின்னாடி தறிப்பட்டறையில சோலி. ஆறு தறி, எல்லாம் கரண்டுல ஓடற அந்தக் காலத்து நாடாத் தறி. ஓட ஆரம்பிச்சா பக்கத்துல பட்டாசு வெடிச்சாலும் தெரியாது. அவ கூப்புட்டா எனக்கு எப்படித் தெரியறது? அதுக்குத்தான் பஸ்ஸர். கட்டலோரத்துல ஒரு சுச்சு, நானு இருக்கற எடத்துல ஒரு பெட்டி. நடுவுல கம்பி கிம்பி கெடையாது, ரேடியோ மாதிரி காத்துலயே போயிருமாமா.

ஈரோட்டுல எலக்ட்ரானிக் சாமான் விக்கற கடை, நசீமான்னு ஒரு அம்மிணி வெச்சிருக்குது. போயி, ‘ஒரு பஸ்ஸர் குடு அம்மிணி’ன்னேன். ‘எதுக்குங்கய்யா?’ன்னு கேட்டுச்சு. எதுக்குன்னா? மொளகாயா அரைக்கப் போறேன்? அடிக்கறதுக்குத்தான்னேன். அதுக்கு மேசை மேல ஒவ்வொண்ணா எடுத்து வெச்சுப் பாடம் நடத்த ஆரம்பிச்சுது பாருங்க, நானு படிக்காத பள்ளிக்கூடத்தையெல்லாம் அன்னிக்கே படிச்சு முடிச்சேன்.

கருப்பா குண்டா ஒண்ணு. அதுக்குள்ள செப்புக் கம்பி சுத்துன காந்தமாமா. கரண்டு பாஞ்சா காந்தம் ஒரு தகட்ட இழுக்குது, கரண்டு நின்னா தகடு திரும்புது. இழுக்குது, விடுது, இழுக்குது, விடுது. தகடு படபடங்குது, அதுதான் சத்தம். இதுல என்ன அதிசயம்? என்ற தறியும் பொழுதன்னிக்கும் அதத்தான் பண்ணுது.

இன்னொண்ணு, சின்ன பித்தளை வில்லை, மேல வெள்ளையாப் பீங்கான் பூசுனாப்புல. கரண்டு பட்டா அந்தப் பூச்சு விரியுமாமா, சுருங்குமாமா, வில்லை அப்பளமாட்ட நெளியுமாமா. ஒரு நொடிக்கு மூவாயிரம் தடவை நெளியுதுங்குது அந்த அம்மிணி. யாரு எண்ணுனதாமா? அப்படி நெளியறதால குரல் சன்னமா, கீச்சுனு வருமாமா. கரண்டும் கொஞ்சந்தான் குடிக்கும், ஒரு பேட்டரி மாசக்கணக்குல வரும்னு சொல்லுச்சு.

அப்பறம் சைரன். மில்லுல ஊதற சங்குதாங்க. மோட்டாரு ஒரு ஓட்டைச் சக்கரத்தச் சுத்துது, காத்து ஓட்டை வழியா வெட்டுப்பட்டு வெட்டுப்பட்டு வருது, அதுதான் அந்த ஊங்ங்ங். அத மட்டும் ஒத்துக்கறேன் தம்பி, சாமான்னா அது சாமான். எங்கூர் மில்லுச் சங்கு இன்னைக்கும் காடு தாண்டி எனக்குக் கேக்குது. லாரி போனாக் கேக்குது, இடி இடிச்சாக் கேக்குது. இத ஏன் சொல்றேன்னா, என்ற மக ஒரு நாளு, ‘அப்பா, காது டாக்டர்கிட்ட ஒருக்காப் போயிட்டு வரலாமா’ன்னா. போலாம் கண்ணு, இடிச் சத்தம் கேக்குதேன்னு போய் அழுதுட்டு வரலாம்னேன்.

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், கடை. அந்த அம்மிணி விடல. ‘அய்யா, பெட்டியில போட்டிருக்கற டெசிபல் நம்பர மட்டும் பார்த்து வாங்காதீங்க. கிட்ட நின்னு அளந்த நம்பர் அது, தூரம் போகப் போகக் கொறஞ்சுரும். தறிச் சத்தத்துக்கு நடுவுல வெக்கறதுன்னா தறி போடற சத்தத்துல இருந்து வேறயாத் தெரியற குரலா இருக்கோணும். முக்கியமா, கேக்கறது யாருன்னு பார்க்கோணும். வயசானவங்களுக்குக் கீச்சுக் குரல் எடுபடாது. தடிச்ச குரலா எடுத்துக்குங்க, கூடவே சுத்தற லைட்டு ஒண்ணு போட்டுக்குங்க’ன்னு என்ற முகத்தப் பார்த்துச் சொல்லுது. வயசானவங்களாமா. லைட்டாமா. திருவிழாவா நடத்தறேன்? நானு ஒரே வார்த்தைதான் கேட்டேன். ‘எதுல நம்பர் பெருசு?’ எடுத்துக் குடுத்துச்சு. பித்தளை வில்லைதான்.

‘ஓட்டிக் காட்டு’ன்னேன். நானு ஒண்ணும் ஏமாளி இல்லீங்க, பார்க்காம வாங்கறதுக்கு. அமுக்குச்சு. பளிச்சுனு செவப்பு லைட்டு எரிஞ்சுது. பக்கத்துல நின்ன ஆளு ரெண்டு காதையும் பொத்திக்கிட்டாரு. சரி, நல்ல சத்தந்தான்னு தலையாட்டிப்போட்டு வாங்கியாந்துட்டேன்.

தறிக்காரன் தலையாட்டறதப் பத்தி உங்களுக்குத் தெரியாது. பட்டறைக்குள்ள ‘என்ன, என்ன’ன்னு கேட்டுட்டு நின்னா அதுக்குள்ள நூல் அறுந்துரும். அதனால நாங்க வாயப் பார்ப்போம், கையப் பார்ப்போம், புரிஞ்சாலும் புரியாட்டியும் தலைய ஆட்டிருவோம். எங்கப்பாரு அப்படித்தான், நானும் அப்படித்தான். கலெக்டரே வந்து பேசுனாலும் ஆட்டுவோம். அதுல ஒரு வசதி என்னன்னா, யாரு கூடவும் சண்டை வராது.

கொண்டாந்து மாட்டுனேன். ஒரு நாளு, ரெண்டு நாளு. அடிக்கவேயில்ல. சரி, தெய்வானைக்கு எந்தத் தேவையும் வரலையாட்ட இருக்குதுன்னு பார்த்தா, படுக்கை நனைஞ்சு கெடக்குது. ‘ஏன் அமுக்கல?’ன்னு கேட்டேன். அவ என்னமோ சொன்னா. அவ பேசறது இப்ப எனக்குச் சுத்தமாப் புரியறதில்லீங்க. வாய் கோணிப் போச்சுல்ல. டாக்டரு என்னடான்னா பேச்சுத் தெளிவா இருக்குதுங்கறாரு. மகளுக்குப் புரியுது. பால்காரருக்குக்கூடப் புரியுது, நின்னு கதை பேசிட்டுப் போறாரு. அத்தன வருசம் கூட இருந்த எனக்கு மட்டும் புரியல. முன்னெல்லாம் பட்டறைக்கு அந்தக் கோடியில நின்னுட்டு அவ ஒதட்ட அசைச்சாப் போதும், கொழம்புக்குப் புளி இல்லைங்கறது வரைக்கும் எனக்குத் தெரியும்.

அவ நல்லா இருந்தப்ப ஒரு பழக்கம் வெச்சிருந்தா. ஊட்டுக்குள்ள எதுவா இருந்தாலும் கூப்புட மாட்டா. கிட்ட வந்து தோளத் தொட்டுத்தான் சொல்லுவா. போன் அடிக்குதுங்க, வாசல்ல ஆள் வந்திருக்குதுங்க, பால் பொங்குதுங்க, எல்லாத்துக்கும் தோளுதான். ‘கெழவனும் கெழவியும் இன்னும் தொட்டுத் தொட்டுப் பேசிக்கறாங்க’ன்னு ஊரே கேலி பேசும். எனக்கு உள்ளுக்குள்ள ஒரு பெருமைதான்.

ரெண்டாந்தரம் போயிச் சத்தம் போட்டேன். அந்த அம்மிணி பேட்டரியக் கழட்டி மாட்டி அமுக்கிப் பார்த்துச்சு. லைட்டு எரியுது, கடையில இருக்கற அத்தன பேரும் மூஞ்சியச் சுளிக்கறாங்க. பார்த்தீங்களா கெரகத்த, கடைக்குப் போனா அடிக்குது, ஊட்டுக்கு வந்தா ஊமை. மாத்திக் குடுன்னு சண்டை போட்டு, இன்னும் பெரிய நம்பரா ஒண்ணு வாங்கியாந்தேன்.

அதோட கதையத்தான் சொல்ல வந்தேன். போன வாரம், மாசத்துக்கு ஒருக்கா கரண்ட்ட நிறுத்துவாங்கல்ல, அந்த நாளு. தறி ஒண்ணும் ஓடல. ஊரே அடங்கிப்போச்சு, அப்படி ஒரு அமைதி. நானு பட்டறையிலயே ஸ்டூலப் போட்டு உக்காந்து பேப்பர் படிக்கறேன். பஸ்ஸர் எங்க? என்ற தலைக்கு மேல, செவுத்துல. கைய நீட்டுனாத் தொட்டுரலாம். பேட்டரியில ஓடறது, கரண்ட்டப் பத்திப் பேச்சில்ல. பேப்பர் முழுசும் படிச்சு, இரங்கல் விளம்பரம் வரைக்கும் படிச்சு முடிச்சு, சரி சோத்தப் போடலாம்னு உள்ள போறேன். தெய்வானை கீழ கெடக்கறா. கக்கூஸுக்குத் தனியாப் போகப் பார்த்து, நெலைப்படியில நெத்தி பட்டு, ரத்தம். வலது கையில அந்தச் சுச்சு. அதக் கெட்டியாப் புடிச்சுட்டே கெடக்கறா.

எனக்கு உசுரே இல்லீங்க. தூக்கி உக்கார வெச்சுத் துணியக் கட்டிவிட்டேன். அப்பறந்தான் ஆத்தரம் வந்துச்சு. ‘ஏன் அமுக்கல? நானு இங்கயேதான இருந்தேன்?’ங்கறேன். அவ மெதுவா, ஒவ்வொரு எழுத்தா வாயத் தெறந்து சொன்னா. எனக்குப் புரியோணும்னே சொன்னா. ‘அமுக்குனேன்.’ நானு சொன்னேன், ‘பொய் சொல்லாத தெய்வானை. கரண்ட் இல்ல, தறி ஓடல, தலைக்கு மேல பஸ்ஸர். நீ அமுக்கியிருந்தா எனக்குத் தெரியாதா?’ நாஞ்சொன்னதுல என்ன தப்பு, நீங்களே சொல்லுங்க. அவ செவுத்தப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கிட்டா.

என்னது? தெரியுமுங்க, பள்ளிபாளையம் வந்துருச்சு. இன்னும் இருக்குது எனக்கு.

மக வந்து பார்த்தா. ஆஸ்பத்திரியில போட்ட நெத்தித் தையலப் பார்த்தா, என்னையப் பார்த்தா. ‘ஞாயித்துக்கெழமை கார் எடுத்துட்டு வர்றேன்ப்பா. அம்மா இனி ஓசூர்லயே இருக்கட்டும்’னா. நீங்களும் வர்றீங்களான்னு அவளும் கேக்கல, வான்னு கூப்புட்டாலும் நானு தறிய உட்டுப்போட்டு எப்படிப் போறது? தெய்வானைகிட்ட ‘நீ போறயா?’ன்னு கேட்டேன். அவ தலையாட்டுனா. அவ தறிக்காரி இல்லீங்க, அவ எப்பவும் வாயத் தெறந்து பேசறவ. தலையாட்டுனது அன்னிக்குத்தான்.

எனக்கு அவ வேணுமுங்க. வெக்கமென்ன இதுல. அந்த ஊட்டுல நானு ஒத்தையா என்ன பண்ணுவேன்? அதனால மககிட்டச் சொன்னேன், ‘ஞாயித்துக்கெழமைக்குள்ள நல்ல பஸ்ஸர் ஒண்ணு மாட்டறேன், நீயே வந்து அமுக்கிப் பாரு, நானு வந்து நிக்கறனா இல்லையான்னு பாரு, அப்பறம் முடிவு பண்ணு’ன்னு. சரின்னா. மூணாந்தரம் கடைக்கு ஓடுனேன். அந்த அம்மிணி மறுபடியும் லைட்டு, தடிச்ச குரல்னு ஆரம்பிச்சுது. பெரிய நம்பரா எடு, ஒருக்கா அமுக்குனா நானா நிறுத்தற வரைக்கும் விடாம அடிக்கோணும், அவளுக்குத் திருப்பித் திருப்பி அமுக்கத் தெம்பில்லன்னேன். எடுத்துக் குடுத்து, பேட்டரியும் போட்டே குடுத்துச்சு. கெளம்பறப்ப என்ற கையப் புடிச்சு என்னமோ சொல்லுச்சு. நானு தலையாட்டிப்போட்டு வந்துட்டேன்.

அடடா, பார்த்து ஓட்டறானா பாரு. வேகத்தடையில இப்படியா வண்டிய ஏத்தறது? பை விழுந்துருச்சு, சித்த எடுத்துக் குடுங்க தம்பி. உடையலையே? துண்டச் சுத்தித்தான் வெச்சிருக்கேன். இப்படி நெஞ்சோட அணைச்சுப் புடிச்சுக்கறேன், இதுக்குத்தான் என்ற பொழப்பே கட்டிக் கெடக்குது.

ஏன், என்ன பாக்கறீங்க? ஒண்ணுமில்லையா. சரி.

முன்னாடி சீட்டுக் கொழந்தை ஏன் இப்படி வீல்னு வாயத் தெறக்குது? பசியாட்ட இருக்குது. அம்மா, பால் குடுங்க கொழந்தைக்கு. அந்தம்மா என்னடான்னா முந்தானைய இழுத்துக் காதுல அடைச்சுட்டு என்னைய முறைக்குது. காத்துப் பலமா அடிக்குதுன்னா ஜன்னலச் சாத்தறது, என்னைய முறைச்சு என்ன பண்றது? அந்த மீசைக்காரரும் மூணு தடவை திரும்பிட்டாரு. பஸ்ஸுல வயசானவன் நாலு வார்த்தை பேசுனா ஆகாது இவிங்களுக்கு. செல்லுல பாட்ட அலற உட்டா மட்டும் ஆகும். எங்க அலறுது, அதுவும் ஊமைதான்.

இந்தா, கண்டக்டரே வர்றாரு. டிக்கெட்டு அப்பவே வாங்கிட்டனுங்க. என்ன? விசில வாயில வெச்சுட்டே பேசுனா எப்படிப் புரியும்? எடுத்துப்போட்டுப் பேசுங்க. பையா? என்ற பையில என்ன? குண்டா வெச்சிருக்கேன்? இருங்க, பிரிச்சே காட்டறேன், எல்லாரும் நல்லாப் பார்த்துக்குங்க.

லைட்டு எரியுது. அட, விழுந்ததுல சுச்சு அமுங்கிப் போச்சாட்ட இருக்குது. லைட்டு எரியுது, சத்தத்தக் காணோம். பார்த்தீங்களா தம்பி, நாஞ்சொன்னேன்ல? ஊட்டுக்குப் போற வரைக்குமாவது தாங்கும்னு பார்த்தேன், பஸ்ஸுலயே ஊமையாயிருச்சு. நல்ல சாமான் விக்குது அந்த அம்மிணி.

என்ன சொல்றீங்க?

அடிக்குதுங்களா?

உங்களுக்குமா? மீசைக்காரருக்குமா? அந்தக் கொழந்தை இதுக்கா அழுவுது?

இருங்க. காதுல வெச்சுப் பார்க்கறேன்.

அதுருது. கையில அதுருது. வேறொண்ணுமில்ல.

ஏந்தம்பி, எத்தன நேரமா அடிக்குது? பை விழுந்ததுல இருந்தா? அத்தன நேரமும் என்ற நெஞ்சு மேலயா? நீங்களாவது சொல்லியிருக்கலாமுல்ல. சொன்னீங்களா? எப்பச் சொன்னீங்க? நானு தலையாட்டுனனா?

அன்னிக்கு இதே மாதிரி லைட்டு என்ற தலைக்கு மேல எரிஞ்சிருக்கும். நானு குனிஞ்சு பேப்பர் படிச்சுட்டிருந்தேன். அவ கீழ கெடந்துட்டு அமுக்கியிருக்கா. அடிக்கறது அவளுக்குக் கேட்டிருக்கும், இத்தன சத்தம்னா அங்க வரைக்கும் கேக்காம இருக்குமா? இவரு வந்துருவாரு, இதோ வந்துருவாருன்னு அமுக்கியிருக்கா. நானு போயி, பொய் சொல்லாதங்கறேன்.

நிறுத்துங்க தம்பி, கொழந்தை பாவம். எந்தச் சுச்சுன்னு எனக்கு மறந்து போச்சு. நின்னுருச்சா? ஆங், கொழந்தை வாய மூடிருச்சு, நின்னுருச்சு.

கண்டக்டர், என்னைய இங்கயே எறக்கி உடுங்க. வெப்படை வரலைன்னு தெரியுமுங்க. ஈரோட்டுக்குத் திரும்பிப் போகோணும். அந்த அம்மிணி கடை சாத்தறதுக்குள்ள போய், மொத நாளே எடுத்து வெச்சுதே, தடிச்ச குரலும் சுத்தற லைட்டும், அத வாங்கோணும். இந்தத் தடவை அது என்ன சொல்லுதுன்னு முழுசாக் கேட்டுத்தான் தலையாட்டோணும். அப்பறம் ஊட்டுக்குப் போய் மொத வேலையா அவ தோளத் தொடோணும்.

வழி உடுங்க. எறங்கறேன். வண்டி நிக்கட்டும்.

ஏனுங்க தம்பி, விசில் அடிச்சுட்டாருங்களா?